எஸ்க்ரோ மேசையிலிருந்து: வீடு வாங்குவோர், விற்போர் கேள்விகளுக்குப் பதில்கள்

சொந்த ஊர் விருதுநகர். இப்போது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் ஒரு டைட்டில் கம்பெனியில், அதாவது சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தரும் கம்பெனியில், எஸ்க்ரோ அலுவலராக இருக்கிறேன். வீடு கைமாறும்போது இரண்டு தரப்புக்கும் நடுவே பணத்தையும் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தபடி எல்லாம் நடந்த பிறகு உரியவரிடம் உரியதைச் சேர்க்கும் வேலை. சென்ற இதழில் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக் கூடியவற்றை எடுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது கலிஃபோர்னியா நடைமுறை. ஜார்ஜியா, சவுத் கரோலினா போன்ற மாநிலங்களில் இதே வேலையை வக்கீல்தான் செய்ய வேண்டும். டெக்சாஸில் ஒவ்வொரு எஸ்க்ரோ அலுவலரும் தனியாக உரிமம் வாங்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் உள்ளூரில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் ஃப்ரீமாண்ட்டில் 15 லட்சம் டாலருக்கு வீடு வாங்குகிறான். 45,000 டாலர் முன்பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் ஏதோ ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். வீட்டுக்காரரை நேரில் பார்த்ததே இல்லையாம். மூலப் பத்திரமும் கைக்கு வராதாம். இரவில் தூக்கம் வரவில்லை. — ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாங்குபவர் டிராஃப்டைக் கையில் வைத்திருப்பார். விற்பவர் பேனாவைத் திறக்காமல் நிற்பார். கையெழுத்து முதலா, காசு முதலா? அந்த ஐந்து நிமிடம் இரண்டு பேருக்கும் நெஞ்சு படபடக்கும். என் பெரியப்பா பத்திர எழுத்தர். அந்த ஐந்து நிமிடத்தைச் சமாளிப்பதுதான் தன் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்பார்.

அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் வேண்டாம் என்றுதான் எஸ்க்ரோ இருக்கிறது. விற்பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு எங்களிடம் தந்துவிடுவார். உங்கள் மகனும், அவருக்குக் கடன் தரும் வங்கியும் பணத்தை எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். இரண்டும் வந்து, வில்லங்கம் தீர்ந்து, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பத்திரம் பதிவான பிறகுதான் விற்பவருக்குப் பணம் போகும். அதுவரை அந்த 45,000 டாலர் டிரஸ்ட் கணக்கில் இருக்கும். கம்பெனிப் பணத்தோடு அதைக் கலக்கக் கூடாது. ஒரு தரப்பு மட்டும் சொன்னால் ஒரு சென்ட்கூட நகராது. விற்பவர் எனக்குப் போன் செய்து "முன்பணத்தை இப்போதே அனுப்புங்கள்" என்றால் முடியாது என்பேன். உங்கள் மகன் போன் செய்து "வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்" என்றாலும் விற்பவரின் கையெழுத்தும் வர வேண்டும் என்பேன். இரண்டு பேருக்கும் என் மேல் கோபம் வருகிற நாளும் உண்டு. அப்படியும் அந்தப் பணத்தை நான் அசைக்க முடியாது.

விற்பவரை மகன் பார்க்காதது இங்கே சாதாரணம். இரண்டு பேரும் வெவ்வேறு நாளில் வந்து கையெழுத்திட்டுப் போவார்கள். இன்னொன்று கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள்: கிரயப் பத்திரத்தில் வாங்குபவரின் கையெழுத்தே கிடையாது. கொடுப்பவர் மட்டும்தான் போடுவார், அதுவும் நோட்டரி முன்னால். நோட்டரியின் பதிவேட்டில் அவருடைய வலது கட்டைவிரல் ரேகையும் வாங்குவோம்.

மூலப் பத்திரம் பற்றி. நம் ஊரில் அந்தக் காகிதம் பீரோவில் இருந்தால்தான் நிம்மதி. கலிஃபோர்னியாவில் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவுதான் ஆதாரம். ஃப்ரீமாண்ட் அலமேடா கவுண்டியில் இருக்கிறது, அந்த அலுவலகம் ஓக்லண்டில். பதிவான பத்திரம் சில வாரத்தில் தபாலில் வரும். தொலைந்தால் சில டாலர் கட்டி நகல் வாங்கிக்கொள்ளலாம். "உங்கள் பத்திர நகல் வேண்டுமா, இவ்வளவு பணம் அனுப்புங்கள்" என்று அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று பிறகு வரும். அது வியாபாரக் கடிதம். பணம் அனுப்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வையுங்கள்.

ஒரே ஒரு காரியம் சரிபார்க்கலாம். அந்தக் கம்பெனி டைட்டில் கம்பெனியா, தனி எஸ்க்ரோ கம்பெனியா என்று கேளுங்கள். டைட்டில் கம்பெனி என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையின் கீழ் வரும். தனி எஸ்க்ரோ கம்பெனி என்றால் நிதிப் பாதுகாப்பு மற்றும் புத்தாக்கத் துறையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இரண்டு துறைகளின் இணையதளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள், ஐயா.

கேள்வி: பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான். டிரைவிங் லைசென்ஸில் முன்னால் "எஃப்.என்.யு" என்று சேர்த்துவிட்டார்கள். கடன் விண்ணப்பத்தில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக எழுதினேன். பத்திரத்தில் எந்தப் பெயர் வரும்? — சன்னிவேல்

தமிழர்களின் கோப்பு மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பெயரைத்தான். இனிஷியல் முன்னால், அப்பா பெயர் பின்னால், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர், சில இடத்தில் ஊர்ப்பெயர்கூட. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். நோட்டரிக்கும் வங்கிக்கும் டைட்டில் கம்பெனிக்கும் அப்படி இல்லை.

உங்களை அடையாளம் காட்டும் புகைப்பட அட்டையில் என்ன பெயர் இருக்கிறதோ, அதோடு ஒத்துப்போகிற பெயரில்தான் நோட்டரி கையெழுத்து வாங்க முடியும். ஆகவே கடன் பத்திரம், கிரயப் பத்திரம், அடையாள அட்டை மூன்றும் ஒன்றாக இருக்கும்படி இப்போதே செய்துவிடுங்கள். "எஃப்.என்.யு" என்பது உங்கள் பெயர் அல்ல, "முதற்பெயர் தெரியவில்லை" என்ற குறிப்பு. ஆனாலும் லைசென்ஸில் அச்சாகியிருந்தால் அதை ஒதுக்க முடியாது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தால் வழி உண்டு. வங்கியிடமும் எஸ்க்ரோவிடமும் ஒரே நாளில் ஒரே மின்னஞ்சலில் சொல்லுங்கள். "இன்ன பெயராலும் இன்ன பெயராலும் அறியப்படுபவர் நானே" என்று ஒரு உறுதிமொழிப் படிவம் தருவோம். கையெழுத்திடும் மேசைக்கு வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், வங்கி கடன் பத்திரத்தைத் திருத்தி அனுப்ப ஒருநாள், இரண்டுநாள் ஆகிவிடும்.

கூடவே தகவல் படிவம் ஒன்றும் வரும். பத்து வருடமாக எங்கே குடியிருந்தீர்கள், எங்கே வேலை, துணைவர் பெயர் என்ன என்றெல்லாம் கேட்கும். பலர் இதைக் கண்டு சந்தேகப்படுகிறார்கள், பாதியை நிரப்பாமல் விடுகிறார்கள். முழுதாக நிரப்புங்கள். உங்கள் பெயரே உள்ள இன்னொருவருக்குக் கோர்ட் கடன் பாக்கி இருந்தால், அது உங்கள் தலையில் ஏறாமல் பிரித்துக் காட்ட உதவுவது இந்தப் படிவம்தான். குமார், ராஜன் என்று பெயர் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

நாளைக்குக் குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றிக்கொண்டாலும் கவலையில்லை. விற்கும்போது பத்திரத்தில் "இன்ன பெயரில் உரிமை பெற்றவர்" என்று ஒரு வரி சேர்ப்போம். பெயர் மாற்ற ஆணையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பணம் அனுப்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் எஸ்க்ரோ அலுவலரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றது. கையெழுத்து, லோகோ எல்லாம் சரியாக இருக்கின்றன. அனுப்பலாமா? — மில்பிடாஸ்

அனுப்பாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே இந்த ஒரு வார்த்தையை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன்.

திருடர்கள் முதலில் ஏதாவது ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குள் புகுந்துவிடுகிறார்கள். வாங்குபவருடையதாக இருக்கலாம், ஏஜெண்டுடையதாக இருக்கலாம். பிறகு வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். எந்த வீடு, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி, என் மின்னஞ்சலின் கீழே என்ன எழுதியிருப்பேன் என்பது வரை தெரிந்துகொள்வார்கள். கடைசி நாளில், எல்லோரும் பரபரப்பாக இருக்கும்போது, ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து அந்தக் கடிதம் வரும்.

எஸ்க்ரோ கணக்கு எண் நடுவில் மாறாது. மாறிவிட்டது என்று யார் சொன்னாலும் அது பொய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு திறந்த அன்று உங்களிடம் தந்த எண்ணுக்கு, அல்லது நீங்கள் நேரில் வந்து வாங்கிய அட்டையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். அதை எடுப்பதும் அவர்கள்தான். "பயனாளி பெயரில் எங்கள் கம்பெனி பெயரை எழுதினேனே, வங்கி பார்த்திருக்காதா?" என்று சிலர் கேட்கிறார்கள். வயர், அதாவது வங்கிக்கு வங்கி நேரடியாக அனுப்பும் பணம், போகும்போது வங்கி பெரும்பாலும் கணக்கு எண்ணைத்தான் பார்க்கும். பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் போய்விடும்.

சில வருடம் முன்னால் என் கோப்பிலேயே இது நடந்தது. ஒரு இளம் தம்பதி, முதல் வீடு. புதன்கிழமை காலை எனக்குப் போன் செய்து, "பணம் வந்ததா அக்கா?" என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. முந்தின நாள் மதியமே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த நிமிடம் என் வயிறு எப்படிக் கலங்கியது என்று இன்றும் நினைவிருக்கிறது. வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிட வைத்தேன், வயரைத் திரும்ப அழைக்கச் சொன்னோம், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தில் அப்போதே பதிவு செய்தோம். ஒரு பகுதி திரும்பி வந்தது. மீதி வரவில்லை. அந்த வீடும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கோப்பு திறக்கும் அன்றே ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து என் குரலைக் கேட்க வைக்கிறேன். "இந்தக் குரல் சொல்லாமல் எந்தக் கணக்குக்கும் பணம் அனுப்பாதீர்கள்" என்கிறேன்.

ஒருவேளை அனுப்பிவிட்டீர்கள் என்றால் மணிக்கணக்கு முக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டோ, வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பயந்தோ ஒரு இரவு தாமதிக்க வேண்டாம். முதலில் வங்கி, அடுத்து எஃப்.பி.ஐ. புகார், அப்புறம் எஸ்க்ரோ.

கேள்வி: பதிவு ராகு காலத்தில் விழக்கூடாது என்று மாமியார் சொல்கிறார். நேரம் குறித்துக் கொடுக்க முடியுமா? ஆடி மாதமும் வேண்டாமாம். — டப்ளின்

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள்.

நாளைக் கொஞ்சம் தள்ளியோ முன்னாலோ வைக்கலாம். நிமிடத்தைச் சொல்ல முடியாது. பத்திரங்களை மின்வழியில் கவுண்டிக்கு அனுப்புவோம், அங்கே வரிசைப்படி பதிவாகித் திரும்பி வரும். "வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அனுப்புங்கள்" என்று நீங்கள் முன்கூட்டியே சொன்னால், என்னால் முடிந்தவரை பத்தரை முதல் பன்னிரண்டு வரை கோப்பை விடாமல் பிடித்து வைப்பேன். அதற்குமேல் வாக்குக் கொடுக்க மாட்டேன். இன்னொன்று, நம் தினசரிக் காலண்டரில் போட்டிருக்கும் நேரம் காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. டிசம்பரில் இங்கே ஏழு மணிக்கு மேல்தான் உதயம். உள்ளூர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியைத் தவிர்ப்பது ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டியது. ஜூன் கடைசியில் ஒப்பந்தம் போட்டு 30 நாளில் முடிப்பதாக எழுதிவிட்டால் நேராக ஆடியில் போய் விழும். பிறகு தள்ளிப்போட விற்பவர் சம்மதிக்க வேண்டும், வட்டி விகிதத்தைப் பிடித்து வைத்திருக்கும் வங்கி அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்கலாம். நான் பார்த்தவரை நல்ல வழி இதுதான்: பதிவு நடக்கிற நாளில் நடக்கட்டும், பால் காய்ச்சுவதை உங்களுக்கு நல்ல நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு வார நாளில் மட்டும்தான், பால் காய்ச்சுவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். ஆனால் மின்சாரத்தையும் எரிவாயுவையும் முன்கூட்டியே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பால் பொங்காது. விற்பவர் சில நாள் வாடகைக்குத் தங்குவதாக ஒப்பந்தம் இருந்தால், பதிவான அன்றே சாவி வராது என்பதையும் மாமியாரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறேன். வருமானம் இல்லை. கணவர் பெயரில் மட்டும் கடன். எஸ்க்ரோவிலிருந்து எனக்கு ஒரு தாள் வந்திருக்கிறது, நான் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டுமாம். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்கிறார். அது என்ன? — பெயர் வேண்டாம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தத் தாள் ஃபார்மாலிட்டி அல்ல.

நீங்கள் எழுதியிருக்கும் தலைப்பை வைத்துப் பார்த்தால் அது கணவன் மனைவிக்கு இடையே உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரம். நம் ஊர் விடுதலைப் பத்திரம் மாதிரி. கலிஃபோர்னியாவில் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்த பணத்தில் வாங்கும் வீடு, யார் சம்பளத்தில் வாங்கினாலும், பொதுவாக இரண்டு பேருக்கும் பொதுச் சொத்தாகவே கருதப்படும். இந்தத் தாளில் கையெழுத்திட்டால் அந்த வீடு கணவரின் தனிச் சொத்து என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாக ஆகும். மனமொப்பி அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, காரணமும் இருக்கலாம். ஆனால் என்ன என்று தெரியாமல் செய்யக் கூடாது.

"மனைவிக்கு வருமானமில்லை, அதனால் பத்திரத்தில் பெயர் வரக்கூடாது" என்று பலர் நினைக்கிறார்கள். கடன் வேறு, உரிமை வேறு. கணவர் மட்டும் கடன் வாங்கலாம், பத்திரத்தில் இரண்டு பேரும் இருக்கலாம். பெரும்பாலான கடன் நிறுவனங்கள் இதை ஏற்கின்றன. அப்போது அடமானப் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்திடுவீர்கள், கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் நோட்டில் மட்டும் உங்கள் கையெழுத்து இருக்காது. உரிமையை எழுதும் விதங்களில் ஒன்று 2001 ஜூலையிலிருந்து இருக்கிறது: பொதுச் சொத்தாகவும் இருக்கும், ஒருவர் இறந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மற்றவருக்கு முழுதாகவும் வந்துவிடும். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லக் கூடாது, அது சட்ட ஆலோசனை. ஒரு குடும்பச் சட்ட வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். வீட்டு விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் மிகச் சிறியது.

என் மேசையில் ஒருமுறை ஒரு பெண் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில், மெதுவாக, "இது என்னது அக்கா?" என்று கேட்டார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தத் தாள் என்ன செய்யும் என்பதை இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னேன். இரண்டு பேருமே இதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்து போனார்கள். மூன்று நாள் கழித்து, இரண்டு பேர் பெயரும் வரும்படி எழுதச் சொல்லித் திரும்பி வந்தார்கள். வங்கி பத்திரங்களை மறுபடி தயாரித்தது. பதிவு தாமதமானது, ஏஜெண்டுக்கு என் மேல் வருத்தம். அந்தத் தாமதத்துக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. புரியாமல் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

உங்கள் எஸ்க்ரோ அலுவலருக்கு நீங்களே போன் செய்யுங்கள். நீங்களும் அந்தக் கோப்பில் கையெழுத்திட வேண்டியவர். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: மாதத் தவணையில் "எஸ்க்ரோ" என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். அப்படியிருந்தும் கவுண்டியிலிருந்து தனியாக வரி பில் வந்திருக்கிறது. இரண்டு முறை கட்ட வேண்டுமா? — டிரேசி

பெயர் ஒன்று, காரியம் வேறு. மாதா மாதம் பிடிப்பது சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் வங்கி சேர்த்து வைக்கும் பணம். நான் செய்யும் எஸ்க்ரோ பதிவான அன்றோடு முடிந்துவிடும்.

உங்களுக்கு வந்திருப்பது துணை வரி பில். 1978-இல் வந்த 13-ஆவது முன்மொழிவு என்ற கலிஃபோர்னியா சட்டத்தின்படி பழைய உரிமையாளரின் வரி மதிப்பு வருடத்துக்கு அதிகபட்சம் இரண்டு சதவீதம்தான் ஏறியிருக்கும். வீடு கைமாறியதும் நீங்கள் வாங்கிய விலைக்கு மதிப்பை மாற்றுவார்கள். பழைய மதிப்பு 4 லட்சம், நீங்கள் வாங்கியது 9 லட்சம் என்றால், இடையிலுள்ள 5 லட்சத்துக்கு, வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து ஜூன் 30 வரைக்கான வரிதான் அந்த பில். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே வாங்கியிருந்தால் இரண்டு பில் வரும். வங்கி பொதுவாக இதைக் கட்டாது, நீங்கள்தான் கட்ட வேண்டும். அபராதம் விழுந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

கேள்வி: மூன்று வருடம் முன்பு கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டோம். கிரீன் கார்டு எடுக்கவில்லை. ஃப்ரீமாண்ட் வீட்டை 12 லட்சம் டாலருக்கு விற்கிறோம். 1,80,000 டாலரைப் பிடித்துக்கொள்வார்கள் என்கிறார் ஏஜெண்ட். லாபமே அவ்வளவு இல்லையே! — கோயம்புத்தூர்

ஏஜெண்ட் சொன்னது சரி. ஃபிர்ப்டா என்று 1980-இல் வந்த சட்டம். வரி விஷயத்தில் வெளிநாட்டவராகக் கருதப்படுபவர் அமெரிக்காவில் சொத்து விற்றால், விற்பனை விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். 2016 பிப்ரவரிக்கு முன்னால் பத்து சதவீதம். கவனியுங்கள், லாபத்தில் அல்ல, விலையில். நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். விலை பத்து லட்சம் டாலருக்குள் இருந்து வாங்குபவர் தானே குடியிருக்கப் போகிறார் என்றால் குறைப்பு உண்டு. உங்கள் விலை அதைத் தாண்டிவிட்டது.

ஆனால் இது வரி அல்ல, முன்கூட்டிப் பிடித்து வைக்கும் பணம். அடுத்த வருடம் கணக்குத் தாக்கல் செய்து மீதியைத் திரும்ப வாங்கலாம். அதைவிட நல்லது, பதிவுக்கு முன்பே 8288-பி என்ற படிவத்தில் "எங்கள் உண்மையான வரி இவ்வளவுதான்" என்று வரித்துறையிடம் விண்ணப்பிப்பது. அப்படிச் செய்தால் பதில் வரும்வரை அந்தத் தொகையை எஸ்க்ரோவிலேயே வைத்திருக்க முடியும். வழக்கமாக மூன்று மாதம் ஆகும், சில நேரம் கூடவும் ஆகும். அமெரிக்க வரி தெரிந்த கணக்காளரை இப்போதே பிடியுங்கள். வாங்குபவர் கிடைத்த பிறகு தேடினால் நேரம் போதாது.

கலிஃபோர்னியா மாநிலம் தனியாக மூன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல், சரியாகச் சொன்னால் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும், பிடிக்கும். கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அந்த வீட்டிலேயே குடியிருந்தவர்கள் 593-ஆவது படிவத்தில் அதை உறுதி செய்து இதிலிருந்து விலக்குப் பெறலாம். மூன்று வருடம் முன்புதான் கிளம்பினீர்கள் என்கிறீர்கள், நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னும் சில மாதம் தள்ளினால் அந்த விலக்குக் கைநழுவிப் போகலாம்.

கையெழுத்து விஷயம். பத்திரம் மின்னஞ்சலில் வந்தவுடன் வீட்டிலேயே கையெழுத்திட்டு விடாதீர்கள். சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து, அலுவலர் முன்னால் போடுவதுதான் வழக்கமான வழி. ஒரு முத்திரைக்கு 50 டாலர். கணவன், மனைவி இரண்டு பேரும் நேரில் போக வேண்டும். இங்குள்ள உறவினருக்குப் பவர் கொடுப்பதாக இருந்தால், அதன் வாசகத்தை முதலில் டைட்டில் கம்பெனியிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அசல் எங்கள் கைக்கு வர வேண்டும். ஸ்கேன் செய்த பவரை கவுண்டியில் பதிய மாட்டார்கள்.

கேள்வி: திருச்சியில் கூட்டுறவு வங்கியில் ஆறு வருடம் கேஷியராக இருந்தேன். இப்போது சான் ஹோசேயில் ஹெச்-4, வேலை அனுமதி வந்துவிட்டது. உங்கள் வேலைக்கு வரலாமா? — சான் ஹோசே

வாருங்கள். ஹெச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதத்தில் வேலை அனுமதி கிடைத்தபோதுதான் நானும் வெளியே வந்தேன். டைட்டில் கம்பெனி வரவேற்பு மேசையில் ஆரம்பித்தேன். அப்புறம் உதவியாளர். சொந்தமாகக் கோப்பு கையில் வர மூன்று வருடம் ஆனது.

கலிஃபோர்னியாவில் எஸ்க்ரோ அலுவலருக்கென்று தனி உரிமம் கிடையாது, கம்பெனிக்குத்தான். நோட்டரி ஆகிவிட்டால் உங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஆறு மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு, கைரேகைச் சோதனை, 15,000 டாலர் பிணைப் பத்திரம். நான்கு வருடத்துக்குச் செல்லும். குடியுரிமை தேவையில்லை.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். மாதக் கடைசி வாரம் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு இருக்க மாட்டீர்கள். வட்டி விகிதம் இந்த வேலையின் தலையெழுத்து. 2020, 2021-இல் மூன்று சதவீதத்துக்குக் கீழே போனபோது பழைய கடனை மாற்றுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள், இரவு பத்து மணிக்கும் கையெழுத்து வாங்கினேன். 2022 அக்டோபரில் ஏழைத் தாண்டியதும் பக்கத்து மேசைகள் காலியாகின. நல்ல வேலைக்காரர்களும் போனார்கள். ஆகவே முதல் வருடச் சம்பளத்தை நம்பிப் பெரிய செலவு எதையும் தொடங்காதீர்கள்.

நேர்காணலில் "அமெரிக்க அனுபவம் இல்லை" என்று நீங்களே ஆரம்பிக்காதீர்கள். ஒரு டிரஸ்ட் கணக்கில் நூறு கோப்புகளின் பணம் இருக்கும், தினமும் சென்ட் கணக்கில் பொருந்த வேண்டும். ஒரு கோப்பின் பணத்தில் இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலையே போய்விடும். கூட்டுறவு வங்கியில் சாயங்காலம் ஐந்து ரூபாய் உதைத்தால் அது கிடைக்கும்வரை வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தேடியிருப்பீர்கள் அல்லவா? அதைச் சொல்லுங்கள்.